12 வோல்ற் ஹலோஜன் பல்ப்பைக் கூட்டி எரிக்கிறவர்களுக்கு: கோளாறும் திருத்தமும்

மாரியில் விளையும் காலபோக நெல் குடலை தள்ளத் தொடங்கியதும் என் கடைக்கு வரும் சாமான்கள் மாறிவிடும். அதுவரை தண்ணீர்ப் பம்பும் மின்விசிறியும் கிடந்த மேசையில் காவல் லைற்றுகள் குவியும். வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் வயல் காட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. பன்றி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். கொட்டிலில் விழித்திருப்பவருக்கு வயலின் மறுகரையில் அசைவது மாடா, யானையா என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகவே பலர் 12 வோல்ற் ஹலோஜன் பல்ப்பை 13, 14 வோல்ற்றில் எரிக்கிறார்கள். சிலர் 16 வரை போகிறார்கள். வெளிச்சம் கூடுவது உண்மை. அதோடு சில கோளாறுகளும் வந்து சேர்கின்றன.

அறிகுறிப்படி பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் லைற் எதைச் செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை அங்கேயே சரியாகிவிடுகின்றன.

முதலில் பல்ப்பின் காலில் அளவெடுங்கள்

மல்டிமீற்றரை 20 வோல்ற் டிசியில் வைத்து, லைற் எரிந்துகொண்டிருக்கும்போதே பல்ப்பின் இரண்டு கால்களையும் தொட்டு அளவெடுங்கள். பற்றரியில் அளந்தது போதாது. வழியில் வயரும் சுவிச்சும் ஹோல்டரும் எவ்வளவு தின்கின்றன என்பது பற்றரி முனையில் தெரியாது.

போன காலபோகத்தில் முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு ஐயா மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த பற்றரியை மேசையில் இறக்கினார்.

“தம்பி, பற்றரி 12.6 காட்டுது. பல்ப் மட்டும் மஞ்சளா எரியுது. கூட ஒரு செல் சேர்த்து விடுங்கோ, யானை வந்தாலும் தெரியேல்லை.”

“பொறுங்கோ ஐயா, முதல்ல வயரைப் பாப்பம்.”

அவருக்குப் பரணில் லைற், கீழே பற்றரி. இடையில் ஐந்து மீற்றர் ஸ்பீக்கர் வயர். உள்ளே இருக்கும் செம்பு அரைச் சதுர மில்லிமீற்றர் தேறும். போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீற்றர் செம்புக்கு ஏறத்தாழ 0.35 ஓம் தடை. 50 வாற் பல்ப் கிட்டத்தட்ட 4 அம்பியர் இழுக்கிறது. பற்றரி சுமையில் 12.2க்கு இறங்கி, வயர் 1.4 வோல்ற்றைத் தின்று, பல்ப்பின் காலில் நின்றது 10.8. அந்த அளவில் பல்ப் தன் வெளிச்சத்தில் 70 சதவீதம்தான் தரும்.

வயரை 2.5 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினேன். காலில் 11.9. வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. 12 வோல்ற் பல்ப்பை 13.2 வோல்ற்றில் எரித்தால் எவ்வளவு கூடுமோ, அவ்வளவு. பல்ப்பின் ஆயுளில் ஒரு மணித்தியாலமும் இதற்காகச் செலவாகவில்லை. ஐயா செல் எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போனார்.

காலில் 11.5க்குக் கீழே காட்டினால் பற்றரியைக் கூட்டுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். வயரைத் தடிப்பாக்குங்கள், நீளத்தைக் குறையுங்கள், சுவிச்சின் இரண்டு முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள். எரியும்போது அங்கே 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டுகிற சுவிச்சைக் கழற்றிப் போடுங்கள். பிரதிபலிப்புக் கிண்ணத்தில் தூசி படிந்திருந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

எவ்வளவு கூட்டினால் என்ன ஆகும்

இதெல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் கூட்டலாம். இழை எரியும் பல்ப்புகளுக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. வோல்ற்றளவு கூடிய விகிதத்தை 3.4 ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் கூடிய வெளிச்சம் வரும். அதே விகிதத்தை 13 ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் ஆயுள் எத்தனை மடங்கு குறைகிறது என்று வரும். 12 வோல்ற்றில் 2000 மணித்தியாலம் நிற்கக்கூடிய, கூரை அலங்காரத்துக்கு வரும் கிண்ணப் பல்ப்பை எடுத்துக்கொள்வோம்.

12.6 வோல்ற்றில் வெளிச்சம் 18 சதவீதம் கூடும், ஆயுள் 1000 சொச்சம்.
13.2 வோல்ற்றில் 38 சதவீதம் கூடும், ஆயுள் 600க்குக் கொஞ்சம் குறைய.
14.4 வோல்ற்றில் 86 சதவீதம் கூடும், ஆயுள் 200க்குக் கீழே.
16.8 வோல்ற்றில் மூன்று மடங்கு, ஆயுள் காகிதத்தில் 25.

கடைசி வரியை நம்பி இறங்காதீர்கள். 10 சதவீதக் கூடுதல் வரை இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். அதற்கு மேலே போகப் போகப் பல்ப் கணக்குக்கு முந்தியே போய்விடும். டங்ஸ்டன் உருகுவது 3422 பாகை செல்சியஸில். 12 வோல்ற்றில் இழை 2700 பாகையை ஒட்டி நிற்கிறது, 16.8இல் 3100ஐத் தாண்டிவிடும். இழையில் எங்காவது ஒரு இடம் சற்று மெலிந்திருந்தால் அந்த இடம் மட்டும் இன்னும் சூடாகி, மிச்சமிருக்கும் இடைவெளியையும் தாண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வெளிச்சம் 38 சதவீதம் கூடினால் ஒளி எட்டும் தூரம் 38 சதவீதம் கூடாது. 100 மீற்றரில் தெரிந்தது 117 மீற்றரில் தெரியும், அவ்வளவுதான். 86 சதவீதம் கூடினாலும் 136 மீற்றர். பரந்து அடிக்கும் 36 பாகைக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, ஒடுக்கமாக அடிக்கும் 10 பாகைக் கிண்ணத்தைப் பூட்டினால் வோல்ற்றைத் தொடாமலே இதைவிடக் கூடுதல் தூரம் எட்டும். தூரத்தில் பார்ப்பதுதான் தேவை என்றால் முதலில் கிண்ணத்தை மாற்றச் சொல்லுவேன்.

அப்படியென்றால் யார் கூட்டலாம்? இரவு முழுக்கக் கொட்டிலில் எரிகிற விளக்கைக் கூட்டக் கூடாது. 200 மணித்தியாலம் மூன்று கிழமைக்குள் தீர்ந்துவிடும். சத்தம் கேட்டால் மட்டும் எழும்பி, ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்த்துவிட்டு அணைக்கிற கை லைற்றுக்குக் கணக்கு வேறு. இரவுக்குக் கால் மணித்தியாலம் எரிந்தாலும் 200 மணித்தியாலம் 800 இரவுக்கு வரும், பல்ப் கணக்குக்கு முந்திப் போனாலும் இரண்டு மூன்று போகம் ஓட்டலாம். கூட்டி எரிப்பதற்குப் பொருத்தமானது இந்த லைற்தான்.

பல்ப்பில் எழுதியிருக்கும் 12 என்ற எண்ணும் எல்லாவற்றிலும் ஒரே பொருளில்லை. கூரைக் கிண்ணப் பல்ப்பில் அது நேரான 12. வாகன ஹெட்லைற்றுக்கு வரும் எச் 4 போன்றவற்றை 13.2 வோல்ற்றில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். ஓடுகிற வாகனத்தில் வரும் வோல்ற்றளவைக் கணக்கில் எடுத்துச் செய்த பல்ப் அது. எச் 4ஐ 13.2இல் எரிக்கிறவர் எதையும் கூட்டவில்லை. 14.4இல் எரித்தாலும் 9 சதவீதம்தான் கூட்டுகிறார். ஆனால் அதன் ஆயுள் பிறப்பிலேயே சில நூறு மணித்தியாலம்தான்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் எல்ஈடி வாங்குங்கள். ஒரு வாற்றுக்கு ஹலோஜன் 20 லூமன் தந்தால் நல்ல எல்ஈடி 100க்கு மேல் தரும், பற்றரியும் அந்த அளவுக்கு நின்று பிடிக்கும். நான் எழுதுவது வீட்டில் ஏற்கெனவே ஹலோஜன் லைற்றும் பற்றரியும் வைத்திருந்து, இந்தப் போகத்தை அதோடு கடக்க வேண்டியவர்களுக்கு.

“போட்ட உடனேயே டப் என்று போகுது”

அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. சுவிச்சைத் தட்டியதும் நீலம் கலந்த ஒரு மின்னல், பிறகு இருட்டு.

குளிர்ந்த இழையின் தடை சூடான இழையினதில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. எரியும்போது 2.9 ஓம் இருக்கிற 50 வாற் பல்ப், அணைந்து குளிர்ந்திருக்கும்போது 0.2 ஓம் சொச்சம்தான். தட்டிய கணத்தில் 40, 50 அம்பியர் பாயப் பார்க்கும். 12 வோல்ற்றில் இழை இதைத் தாங்கப் பழகியது. கூடிய வோல்ற்றில் அந்த முதல் அடியே இழையை அறுத்துவிடும்.

முதலில் பற்றரியை எப்போது சார்ஜரிலிருந்து கழற்றினீர்கள் என்று பாருங்கள். நாலு லித்தியம் செல் தொடராக இருந்தால் சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 16.8 நிற்கும். லப்டொப் பற்றரியை உடைத்து எடுத்த செல்களில் கட்டியவர்கள் பலர் “நாலு செல், 14.8” என்று கணக்குப் பண்ணுகிறார்கள். 14.8 என்பது நடு அளவு. முதல் இரவின் முதல் தட்டலில் பல்ப்புக்குப் போவது அதைவிட 2 வோல்ற் கூட. இதற்கு ஒரே திருத்தம் மூன்று செல்லுக்கு இறங்குவது. மூன்று செல் நிறைந்தால் 12.6, அது பல்ப்புக்குப் பாதுகாப்பான அளவு. இரும்பு பொஸ்பேற் வகை லித்தியம் நாலு செல் என்றால் சார்ஜர் ஏற்றி நிறுத்துவது 14.6இல், கொஞ்ச நேரம் ஓய்ந்தபின் 13.3இல் நிற்கும். கூட்டி எரிக்க நான் விரும்புகிற பற்றரி அதுதான். 13க்கு மேலேயே நீண்ட நேரம் அசையாமல் நிற்கும்.

14 வோல்ற்றிலும் போகிறதென்றால் இழையை முதலில் சூடாக்கிவிட வேண்டும். மோட்டார் சைக்கிளின் ஸ்டொப் லைற் பல்ப் ஒன்றை, 21 வாற் இழையைக் கொண்டு, ஹலோஜனோடு தொடராக இணையுங்கள். அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே இரண்டாவது சுவிச்சை வையுங்கள். முதல் சுவிச்சைத் தட்டியதும் ஸ்டொப் லைற் பல்ப் நன்றாக எரியும். ஹலோஜன் அடுப்புத் தணல் போல மங்கிய சிவப்பில் நிற்கும். பாய்வது 1.7 அம்பியர் அளவுதான். ஒரு மூச்சு விட்டு இரண்டாவது சுவிச்சைத் தட்டினால் ஸ்டொப் லைற் பல்ப் அணைந்து ஹலோஜன் முழு வெளிச்சத்துக்கு வரும். தணலாக நின்ற இழையின் தடை ஏற்கெனவே 1.3 ஓமுக்கு ஏறியிருப்பதால், பாய்ச்சல் 50க்குப் பதில் 11 அம்பியரோடு நின்றுவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. சுழற்றிப் பார்த்துவிட்டு முழுக்க அணைக்காமல் இரண்டாவது சுவிச்சை மட்டும் எடுத்துவிட்டால், ஸ்டொப் லைற் பல்ப்பைக் கொட்டிலுக்குள் சின்ன விளக்காக வைத்துக்கொள்ளலாம். தேநீர் ஊற்ற அது போதும். ஹலோஜன் இழையும் சூடு ஆறாமல் அடுத்த தட்டலுக்குத் தயாராக இருக்கும்.

பழுதான கம்பியூட்டர் பவர் சப்ளைக்குள் கறுப்பாகவோ பச்சையாகவோ ஒரு வட்டச் சில்லு இருக்கும், அது தேர்மிஸ்டர், சூடேறத் தடை குறைகிற பாகம். 5 ஓம், 5 அம்பியருக்கு மேல் தாங்கும் ஒன்றைத் தொடராகப் போட்டாலும் வேலை நடக்கும். குறை என்னவென்றால், அது சூடாக இருக்கும்போது பாதுகாப்புத் தராது. அணைத்தவுடன் திரும்பத் தட்டினால் அது இல்லாத மாதிரித்தான். ஆறுவதற்கு ஒரு நிமிடமாவது வேண்டும். யானை அந்த நிமிடத்தைத் தராது என்பதால் காவல் லைற்றுக்கு நான் ஸ்டொப் லைற் பல்ப் முறையையே கட்டிக் கொடுக்கிறேன்.

“கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போகுது”

போன பல்ப்பை எறியாமல் கொண்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். மேசையில் ஒரு பால்மா ரின் நிறைய அப்படிச் சேர்ந்த பல்ப்புகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துப் பகல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எதனால் போனது என்று பெரும்பாலும் தெரியும்.

இழை அறுந்த இரண்டு நுனியிலும் கடுகைவிடச் சின்னதாகப் பளபளக்கும் உருண்டை இருந்தால், எரிந்துகொண்டிருக்கும்போது உருகி அறுந்தது. வோல்ற் கூடிப்போனது அல்லது இழைக்கு வயது போனது. கண்ணாடி தெளிவாக, இழையும் மினுக்கம் குறையாமல் இருந்து இந்த உருண்டையும் இருந்தால் வோல்ற்தான் காரணம், கூட்டியதைக் குறையுங்கள்.

நுனியில் உருண்டை எதுவும் இல்லாமல், வெட்டினது போல அறுந்திருந்தால் அடிபட்டுப் போனது. லைற் வரம்பில் விழுந்திருக்கும், அல்லது மோட்டார் சைக்கிளில் கட்டி மண் ரோட்டில் கொண்டு வந்திருப்பீர்கள். கூட்டி எரித்த இழை சீக்கிரம் நொய்ந்துவிடும், குலுக்கம் தாங்காது. சாரத் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.

கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தால் கதை நேர்மாறாகவும் இருக்கலாம். ஹலோஜன் பல்ப்புக்குள் ஆவியாகும் டங்ஸ்டனை உள்ளே இருக்கும் அயடீன், புரோமீன் போன்ற வாயு பிடித்துத் திரும்ப இழையிடமே கொண்டு சேர்க்கிறது. பள்ளிக்கூடத்தில் அலசன் என்று படித்தோமே, அதே குடும்பம்தான். அது நடக்கக் கண்ணாடிச் சுவர் 250 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். செத்துப்போன பற்றரியில் நெடுநேரம் மங்கலாக எரித்தால் சுவர் அந்தச் சூட்டுக்கு வராது, டங்ஸ்டன் கண்ணாடியிலேயே படியும். மெல்லிய கறுப்பென்றால் நிறைந்த பற்றரியில் சிறிது நேரம் எரித்துப் பாருங்கள், சிலவேளை தெளியும். அளவுக்கு மேல் கூட்டினாலும் கறுக்கும், ஏனென்றால் ஆவியாகும் வேகத்துக்கு வாயு ஈடுகொடுக்காது. எதனால் கறுத்தது என்று பிரிக்க, பல்ப்பின் காலில் அளந்த எண் கையில் இருக்க வேண்டும்.

உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகத் தூள் படிந்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. கால் கண்ணாடிக்குள் போகும் இடத்தில் வெடிப்பு இருக்கும். கால்களை நெளித்துப் பூட்டியிருப்பீர்கள்.

வெளிப்புறம் பால் போல மங்கி, சிலவேளை சின்னக் கொப்புளமாக ஊதியிருந்தால், அது விரல் அடையாளம். தோல் எண்ணெயும் வேர்வை உப்பும் அந்தச் சூட்டில் குவாட்ஸ் கண்ணாடியைக் கெடுத்துவிடும். கூட்டி எரிக்கும்போது இது இன்னும் விரைவாக நடக்கும். பல்ப்பைக் கடதாசியால் பிடித்துப் பூட்டுங்கள். தொட்டுவிட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு எரியுங்கள்.

“தட்டினால் ஒரு சிமிட்டு, பிறகு ஒன்றுமில்லை. பல்ப் நல்லது”

பல்ப்பைக் கழற்றி மல்டிமீற்றரில் தடையைப் பார்த்தால் 0.2, 0.3 ஓம் காட்டும். இழை அறவில்லை. லித்தியம் பொதிக்குள் செல்களைக் காக்க இருக்கும் பிஎம்எஸ் என்ற மின்சுற்றுப் பலகை முதல் பாய்ச்சலைக் குறுக்குச்சுற்று என்று நினைத்து வெட்டிவிட்டது. பல்ப்பை விலக்கி, சில வினாடி விட்டு மறுபடி இணைத்தால் உயிர் வரும். சில பலகைகளுக்குச் சார்ஜரை ஒருமுறை காட்ட வேண்டும்.

பலகையைச் சுற்றி நேரே வயர் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறார்கள். செய்து கொடுக்க மாட்டேன். அந்தப் பலகை இல்லாவிட்டால் செல்லைக் கடைசித் துளி வரை உறிஞ்சிக் கெடுப்பதைத் தடுக்க ஒன்றுமில்லை, வயர் உரசினால் தீயைத் தடுக்கவும் ஒன்றுமில்லை. கொட்டில் வைக்கோலும் கிடுகும் நிறைந்த இடம். மேலே சொன்ன ஸ்டொப் லைற் பல்ப் முறை இதையும் தீர்த்துவிடும். 11 அம்பியருக்கு 20 அம்பியர்ப் பலகை அசையாது.

எந்தப் பற்றரியானாலும் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 50, 55 வாற்றுக்கு 10 அம்பியர் போதும். அந்த 10 அடிக்கடி போகிறதென்று 30ஐப் போடாதீர்கள், முதல் பாய்ச்சலைக் குறையுங்கள்.

“ஹோல்டர் உருகுது, கருகின மணம் வருது”

கால் ஹோல்டருக்குள் இறுக்கமாக உட்காரவில்லை. பிடியில் 0.1 ஓம் தடை இருந்தாலும் 4.6 அம்பியருக்கு 2 வாற் சூடு அந்த ஊசி முனை இடத்தில் பிறக்கும், அரை வோல்ற்றும் போய்விடும். சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்ததால் சூடு இன்னும் கூடும். பல்ப்பின் கால் கறுத்துக் குழி விழுந்திருந்தால் அந்தப் பல்ப்பைப் புது ஹோல்டரில் பூட்டாதீர்கள், அதையும் கெடுத்துவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும், அதிலிருந்து வரும் வயரும் சூடு தாங்கும் சிலிக்கன் உறை போட்டதாக இருக்கட்டும்.

கிண்ணப் பல்ப்பில் பின்பக்கம் ஊதாவும் பச்சையுமாக ஒளி கசிந்தால், அது ஒளியை முன்னே அனுப்பிச் சூட்டின் பெரும்பகுதியைப் பின்னே விடுகிற வகை. பிளாஸ்டிக் போத்தலையும் பைப்பையும் வெட்டிச் செய்த கூட்டுக்குள் அதைக் கூட்டி எரித்தால் கூடு உருகும். 14.4 வோல்ற்றில் 50 வாற் பல்ப் 66 வாற் எடுக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகில் அலுமினியம் பூசிய வகையை எடுங்கள், அல்லது கூட்டைத் தகரத்தில் செய்து பின்னால் துளை விடுங்கள்.

“தொடக்கத்தில் வெள்ளை, அரை மணித்தியாலத்தில் மஞ்சள்”

பற்றரி இறங்குகிறது. வோல்ற் கூடும்போது வெளிச்சம் எவ்வளவு வேகமாக ஏறுமோ, குறையும்போதும் அதே வேகத்தில் விழும். 7 அம்பியர் மணி என்று எழுதிய சின்ன ஈயப் பற்றரி அந்த அளவை 20 மணித்தியாலத்தில் மெல்ல மெல்ல எடுத்தால்தான் தரும். 4.6 அம்பியரில் இழுத்தால் புதிதாக இருந்தாலும் ஒரு மணித்தியாலம் ஓடினால் பெரிது. ஓய்ந்த நிலையில் 12.7 நின்றால் நிறைவு, 12க்கு வந்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. சுமையில் 10.5க்கு இறங்கினால் உடனே அணையுங்கள். அப்படியே விட்டு நாலு நாள் கழித்துச் சார்ஜ் போடுகிறவர்களின் பற்றரிதான் ஒரு போகத்தோடு செத்துப்போகிறது. விடிந்ததும் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

ஈயப் பற்றரியில் கிளிப் மாட்டும்போது பற்றரி முனையில் பொறி பறக்க விடாதீர்கள். சார்ஜ் ஏறியவுடன் அதைச் சுற்றி ஐதரசன் நிற்கும். சுவிச் அணைந்த நிலையில் கிளிப்பை மாட்டி, பிறகு தட்டுங்கள்.

“மழைத் தூறலில் வெடிச்சது”

காலபோகம் முழுக்க மாரி. சூடான குவாட்ஸில் நேரே துளி பட்டால் எப்போதும் வெடிக்கும் என்றில்லை, ஆனால் வெடித்தால் சாதாரண பல்ப் உடைவது போல இராது. எரியும்போது உள்ளே வாயு பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும், சில்லுகள் தெறிக்கும். கூட்டி எரிக்கும் பல்ப்பை முன்கண்ணாடி இல்லாமல் எரிக்கவே கூடாது. கண்ணாடியைச் சுற்றிச் சூடு தாங்கும் சிலிக்கன் பசை பூசிவிடுங்கள். இழை சூடு கூடக் கூட ஊதாக்கடந்த கதிரும் கூடும், அந்தக் கண்ணாடி அதையும் குறைக்கும். பார்க்கிறதற்காகப் பேரப்பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டாம்.

“எஞ்சின் இரையும்போது பிரகாசம், பிறகு பல்ப் போகுது”

இவர்கள் தெரிந்து கூட்டியவர்கள் இல்லை. மோட்டார் சைக்கிளிலிருந்தோ டிராக்டரிலிருந்தோ லைற்றுக்கு வயர் இழுத்தவர்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 14 முதல் 14.5 வரை காட்டினால் சரியான அளவு. அக்சிலேட்டரை முறுக்க முறுக்க ஏறி 15ஐத் தாண்டினால் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பற்றரி செத்துப்போய் வெறும் பெட்டியாக நின்றாலும், அதன் கிளிப் கழன்றிருந்தாலும் இதே கூத்துத்தான், ஏனென்றால் ஏறுகிற வோல்ற்றை உறிஞ்சிக்கொள்ள ஆளில்லை. பழைய மோட்டார் சைக்கிள்களில் ஹெட்லைற் பற்றரியைத் தொடாமல் கொயிலிலிருந்து நேரே எரியும். அந்த வயரில் மல்டிமீற்றரை ஏசியில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரிக்கே தடை இருந்த ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதில்லை. 6 வோல்ற், 3 வாற் டைனமோவில் முன்னுக்கு 2.4 வாற், பின்னுக்கு 0.6 வாற் பல்ப். பின் பல்ப் போனதைக் கவனிக்காமல் இறக்கத்தில் ஓடினால் அதன் பங்கும் முன் பல்ப்புக்கே வந்து, வெள்ளையாக ஒருமுறை எரிந்துவிட்டு அதுவும் போகும். இன்றைக்கும் அதேதான். ஒரே கொயிலில் இரண்டு பல்ப் இருந்து ஒன்று போயிருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். அதன் பிறகும் மல்டிமீற்றர் 15க்கு மேல் காட்டினால், அடுத்த பல்ப்புக்கு வைத்திருக்கும் காசை ரெகுலேட்டருக்குப் போடுங்கள்.